கிரைண்டர் வாங்குகிறவர் என்ன தட்டுவார்?

1998-ல் அமெரிக்காவின் பாசடீனா நகரில் பில் கிராஸ் என்பவர் கோடூ.காம் என்றொரு தேடுதளத்தைத் தொடங்கினார். அதில் வரிசையைத் தீர்மானித்தது ஏலம். ஒரு சொல்லுக்கு, கிளிக் ஒன்றுக்கு யார் அதிகம் தர முன்வருகிறாரோ அவர் மேலே வருவார். எத்தனை சென்ட் தருகிறார் என்பதையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு வரிசை போடுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வியாபாரம் ஓடியது.

2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002-ல் இந்தக் கிளிக் ஏலத்துக்கு ஒரு திருத்தத்தோடு வந்து சேர்ந்தது. கேட்கும் தொகை மட்டும் போதாது. அந்த விளம்பரத்தைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் அத்துடன் பெருக்கிப் பார்த்தார்கள். கேட்ட தொகையை முழுசாகக் கட்டவும் வேண்டாம். அடுத்த ஆளை முந்துவதற்குத் தேவையானதைக் கட்டினால் போதும். தேடுகிறவருக்குப் பொருத்தமாக நாலு வரி எழுதத் தெரிந்தவர், பணக்காரரைவிடக் குறைந்த காசில் மேலே நிற்கலாம் என்றானது.

அந்த இடைவெளியில் பிழைப்பவர்தான் அஃபிலியேட். அவருக்குச் சரக்கும் கிடையாது, கிடங்கும் கிடையாது. வாங்குகிறவரை விற்பவரிடம் அனுப்பி வைத்துக் கமிஷன் பெறுகிறார். கூகுளுக்குக் கிளிக் காசை முதலில் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, கமிஷனுக்குக் காத்திருக்கிறார். ஆகவே அவருடைய தொழில் திறமை முழுவதும் எந்தத் தேடுசொல்லுக்கு, அதாவது கீவேர்டுக்கு, காசு கட்டுவது என்பதில் இருக்கிறது.

ஒரு வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். விலை ரூ.6,000, கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விற்பனைக்கு ரூ.300 கிடைக்கும். அனுப்பும் 100 பேரில் 2 பேர் வாங்கினால் வரவு ரூ.600. அதாவது கிளிக் ஒன்றுக்கு 6 ரூபாய் கட்டினால் கையைக் கடிக்காது, மிஞ்சவும் மிஞ்சாது. 4 ரூபாய்க்குக் கிடைத்தால்தான் தொழில். கிரைண்டர் தயாரிக்கும் கம்பெனிக்கோ முழு லாபமும் சொந்தம். அதே கிளிக்குக்கு அது 15 ரூபாய்கூடக் கொடுக்கும். ‘வெட் கிரைண்டர்’ என்ற பொதுச் சொல்லில் அதனோடு மல்லுக்கட்டினால் அஃபிலியேட் ஒரே வாரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

அதனால் சொல்லைப் பார்க்காமல், தட்டுகிற ஆளைப் பார்க்க வேண்டும். வெறும் ‘கிரைண்டர்’ என்று தட்டுகிறவர் இரும்புப் பட்டறைக்கு ஆங்கிள் கிரைண்டர் தேடுகிறவராக இருக்கலாம். காபிக்கொட்டை அரைக்க நினைப்பவராகவும் இருக்கலாம். ‘கிரைண்டர் பெல்ட் மாற்றுவது எப்படி’ என்பவர் வீட்டில் ஏற்கெனவே கிரைண்டர் இருக்கிறது. ‘டேபிள் டாப் கிரைண்டர் 2 லிட்டர் விலை’ என்பவர் பர்ஸைத் திறந்துவிட்டார்; ஆனால் அந்த இடத்தில் கூட்டமும் அதிகம். ‘நாலு பேர் குடும்பத்துக்கு டில்டிங் நல்லதா, டேபிள் டாப் நல்லதா’ என்று கேட்பவர்தான் அஃபிலியேட்டுக்கு ஏற்ற ஆள். வாங்குவது உறுதி, எதை என்பதுதான் பாக்கி. ஒரே கம்பெனியின் பக்கம் இதற்கு நடுநிலையாகப் பதில் சொல்லாது. நாலு மாடல்களை ஒப்பிட்டு எழுதிய பக்கம் சொல்லும். இப்படித் தேடுகிறவர்கள் குறைவு என்பது உண்மைதான். குறைவாக இருப்பதாலேயே பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

எழுத்தும் ஒரு விஷயம். கூகுள் விளம்பரம் 2018 முதல் தமிழுக்கும் வந்துவிட்டது. ஆனால் நம்மவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். கீவேர்டுப் பட்டியலில் அவையும் இருக்க வேண்டும்.

எந்தச் சொல் வேண்டும் என்பதைவிட எது வேண்டாம் என்பதே முக்கியம் என்பது என் கட்சி. ரிப்பேர், பெல்ட், ஆங்கிள், காபி, செகண்ட் ஹேண்ட் என்று நெகட்டிவ் கீவேர்டுகளை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தால் அந்தத் தேடல்களுக்கு விளம்பரம் தலைகாட்டாது. இதன் தேவை இப்போது கூடியிருக்கிறது. முன்பெல்லாம் ‘எக்ஸாக்ட் மேட்ச்’ என்று குறித்தால் அந்தச் சொல் அப்படியே வந்தால்தான் விளம்பரம் வரும். 2014-ல் ஒருமை பன்மை, எழுத்துப்பிழைகளையும் கூகுள் கட்டாயமாகச் சேர்த்தது. 2017-ல் சொல் வரிசை மாறினாலும் சரி என்றது. 2018-ல் அதே அர்த்தம் இருந்தால் போதும் என்றுவிட்டது. அர்த்தம் பார்க்கும் இந்தத் தாராளம் நெகட்டிவ் சொற்களுக்கு மட்டும் கிடையாது: ‘ரிப்பேர்’ வேண்டாம் என்றால் ‘சர்வீஸ்’ உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல் பொறுமை. 50 கிளிக் வந்தும் ஒன்றும் விற்கவில்லை, இந்தச் சொல் உதவாது என்று தூக்கிப்போடுகிறவர்கள் ஏராளம். நூற்றுக்கு 2 பேர் வாங்கும் நல்ல சொல்லிலேயே முதல் 50 கிளிக்கில் ஒருவர்கூட வாங்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 36 சதவீதம். 100 கிளிக்கில் அது 13 ஆகும், 150 கிளிக்கில் 5-க்குக் கீழே இறங்கும். நாலு ரூபாய் கிளிக்கென்றால் ஒரு சொல்லைச் சரியாகச் சோதிக்கவே ரூ.600 வேண்டும். முப்பது சொற்களோடு ஆரம்பிக்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றும்.

கம்பெனியின் பெயரையே கீவேர்டாகப் போட்டால் விற்பனை கொட்டும். ஆனால் அந்த ஆள் எப்படியும் அந்தக் கடைக்குத்தான் போயிருப்பார். இடையில் உங்களுக்கு எதற்குக் கமிஷன் என்று கடைக்காரர் கேட்கிறார். அமேசான் இன்னும் ஒரு படி மேலே போய், 2009 மே மாதம் முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கட்டணத் தேடல் விளம்பரம் வழியாக ஆள் அனுப்பினால் கமிஷனே கிடையாது என்று அறிவித்தது. பெயர் யாருக்குச் சொந்தம் என்பது நீதிமன்றத்துக்கும் போனது. பாரத்மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் நிறுவனம் கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் தொடுத்த வழக்கில், 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்ற கோணத்தில் விஷயத்தைப் பார்த்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல், பிறருடைய வணிகப் பெயரைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே அத்துமீறல் ஆகிவிடாது என்றது. அதேசமயம் தான் வெறும் பார்வையாளர் என்று கூகுள் ஒதுங்கிக்கொள்ளவும் விடவில்லை.

அஃபிலியேட்டைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் தீர்ப்புகள் அல்ல, விற்பவரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். பல திட்டங்களில் தங்கள் பெயரைக் கீவேர்டாக வைக்கக்கூடாது என்பதோடு, அதை நெகட்டிவ் பட்டியலில் சேர்த்தாக வேண்டும் என்றும் எழுதியிருக்கும். மீறினால் கமிஷன் வராமல் போகலாம்.