கந்தோருக்குச் செல்லும் வழி

காலை ஏழரை மணியளவிற் கொழும்புக் காலி வீதியை நோக்குவோர் இருவகை மனிதரைக் காண்பர். ஒருவர் பஸ்வண்டியின் மிதிபலகையில் ஒற்றைக் காலூன்றித் தொங்குகின்றார். மற்றவர் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து, அசையாது நிற்கும் வாகனங்களின் இடைவெளிகளினூடே நுழைந்து செல்கின்றார். இருவரும் ஒரே கந்தோரில் இலிகிதராய் இருத்தலுங் கூடும். இவர்களுள் எவர் தெரிந்த வழி நல்வழி?

பொதுப் போக்குவரத்து இந்நகருக்குப் புதியதன்று. இலங்கையில் முதற் புகையிரதம் 1864 இல் ஓடியது. கொழும்பு வீதிகளில் மின்சார ட்ராம் வண்டிகள் 1960 வரை ஓடின. பஸ் சேவை 1958 இல் தேசியமயமாக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பஸ்களும் அனுமதிக்கப்பட்டன. இவ்வளவு இருந்தும், நாட்டிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களுள் மோட்டார் சைக்கிளே தொகையில் முதலிடம் வகிக்கின்றது.

காரணம் எளிது. பஸ் வரும் நேரம் நிச்சயமில்லை. வந்தாலும் ஏற இடமில்லை. மோட்டார் சைக்கிளோ குறைந்த பெற்றோலில் ஓடும். வழியிற் பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிடவும் உதவும். நேரந் தவறினால் ஏச்சுக் கேட்கவேண்டிய ஊழியனுக்கு இவை சிறு நன்மைகளல்ல.

ஆயின் அந்நன்மைக்கு விலையும் உண்டு. பஸ்ஸில் இருப்பவரைச் சுற்றி இரும்புச் சுவர் உண்டு. மோட்டார் சைக்கிளோட்டிக்குத் தலைக்கவசம் ஒன்றே காவல். மழைநாளில் வழுக்கும் ஒரு கணம், ஒரு குடும்பத்தின் உழைப்பாளியையே பறித்துவிடலாம். மேலும், 2022 இல் எரிபொருள் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. சொந்த வாகனம் தரும் சுதந்திரம் எவ்வளவு மெலிந்தது என்பதை அன்று பலர் உணர்ந்தனர்.

வீதியின் கணக்கையும் நோக்குதல் வேண்டும். ஐம்பது பேர் ஐம்பது மோட்டார் சைக்கிள்களிற் சென்றால் அடைபடும் இடத்தின் சிறு பகுதியே, அவர்கள் அனைவரையும் ஏற்றிய ஒரு பஸ்ஸுக்குப் போதும். கடலோரமாகப் பாணந்துறையிலிருந்து கோட்டைக்கு வரும் புகையிரதமோ வீதி நெரிசலுக்கு அகப்படுவதேயில்லை.

எனவே, பலருக்கும் நகருக்கும் நன்மை தருவது பொதுப் போக்குவரத்தே. ஆனால் அதைத் துறந்து சென்றவனைக் குறைகூறுவதாற் பயனில்லை. குறித்த நேரத்தில், நிற்பதற்கேனும் இடத்துடன், பெண்களும் முதியோரும் அச்சமின்றி ஏறத்தக்க பஸ் வருமாயின், அவன் தானாகவே தலைக்கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தரிப்பிடத்துக்கு வந்து நிற்பான்.