கழுகுமலையின் வெட்டுவான் கோயில்



கழுகுமலை என்றதும் நம் நெஞ்சில் எழுந்தருள்பவன் கழுகாசலமூர்த்தியாகிய முருகப்பெருமானே. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து அப்பெருமானின் புகழைத் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இத்தலத்திற்கு வரும் அடியார் கூட்டம் அடிவாரத்துக் குடைவரையிலே பெருமானைத் தொழுது, மலையை வலம் வந்து, தேர்க்காட்சி கண்டு ஊர் திரும்பிவிடுகிறது. தாம் வலம் வந்த மலையின்மேல் என்ன இருக்கிறது என்று ஏறிக் காண்பவர் அவருள் சிலரே.

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். மலைமீது வெட்டுவான் கோயில் என்னும் சிவாலயமும், அதற்கு அப்பால் சமணர் செதுக்கிய திருவுருவ வரிசைகளும் உள்ளன. இரண்டும் பாண்டியர் காலத்தன. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை இவற்றைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களாகப் பேணி வருகிறது.

வெட்டுவான் என்பதற்குக் கல்லை வெட்டுவோன் என்று பொருள் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கோயிலைக் கண்டவர் இதனை எளிதில் ஒப்புவர். பாறையை மூன்று புறமும் ஏறத்தாழ 25 அடி ஆழம் அகழ்ந்து, நடுவே தனித்து நின்ற கல்லையே விமானமாக்கியிருக்கின்றனர். கட்டடக் கோயில் அடித்தளத்தில் தொடங்கிச் சிகரத்தில் முடியும். இங்கோ சிகரம் முதலில் பிறந்தது. உச்சியில் நின்று வெட்டத் தொடங்கிய சிற்பி, மேலே உள்ளதை முடித்த பின்னரே கீழே இறங்குவான். சாரம் கட்ட வேண்டுவதில்லை. ஆனால் ஓர் உளி பிசகினால் மாற்றி வைக்க வேறு கல்லும் இல்லை. எல்லோராவிலே இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்துக் கயிலாசநாதர் கோயில் இம்முறையிலேயே எழுந்தது. அளவில் அது மிகப் பெரியது. காலத்தால் இரண்டும் எட்டாம் நூற்றாண்டின என்பர் ஆய்வாளர்.

இக்கோயிலின் பணி முற்றுப்பெறவில்லை. மேலே எண்பட்டைச் சிகரமும், நந்திகளும், ஆடிப்பாடும் பூதகணங்களும் உயிர் பெற்று நிற்க, கீழ்ப்பகுதி இன்னும் பாறையாகவே கிடக்கிறது. இதனைக் குறையென்று கருதவேண்டா. கல் எவ்வாறு கோயிலாயிற்று என்னும் செய்முறையை, முடிந்துபோன கோயில்கள் நமக்குக் காட்டுவதில்லை, இது காட்டுகிறது. தந்தையும் மகனுமாகிய இரு சிற்பிகள் போட்டியிட்டனர் என்றும், சினமுற்ற தந்தை மகனைக் கொன்றதால் பணி நின்றது என்றும் ஊரார் ஒரு கதை சொல்வர். கதையைக் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம். மாமல்லையிலும் முற்றுப்பெறாத வேலைகள் பல உண்டு. அவற்றிற்கெல்லாம் ஒரு கொலையைத் தேடிக்கொண்டிருக்க இயலாது.

உமையொருபாகன், திருமால், நான்முகன் ஆகியோர் திருவுருவங்கள் விமானத்தில் உள்ளன. தென்முகத்தில் விளங்கும் தட்சிணாமூர்த்தியின் முன் சிறிது நேரம் நிற்க வேண்டும். சின்முத்திரை காட்டும் தென்முகக் கடவுளை நாம் அறிவோம். வீணை ஏந்தியவனையும் அறிவோம். இங்கு அப்பெருமான் மிருதங்கம் வாசிக்கிறான். மோனத்தால் உபதேசிப்பவன் கையில் முழவு வந்தது எவ்வாறு? நாதமும் அவன் உபதேசமே என்று அச்சிற்பி உணர்ந்திருக்க வேண்டும். கல்லில் ஓசை எழாது. ஆயினும் அம்முகத்தின் ஈடுபாட்டைக் காண்பவர் தாளம் கேட்பதுபோல் தலையசைப்பர்.

இனிச் சமணர் பகுதி. சைவராகிய நம்மில் சிலர் அப்பக்கம் போகாமலே திரும்புவதுண்டு. திருஞானசம்பந்தர் காலத்தோடு பாண்டிநாட்டில் சமணம் அடியோடு மறைந்தது என்று எண்ணுவோரும் உளர். இம்மலை வேறு செய்தி கூறுகிறது. சம்பந்தப் பெருமான் காலமாகிய ஏழாம் நூற்றாண்டுக்குப் பின்னரே இங்குத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. ஐந்தலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், தமக்கை தங்கையர் இருமருங்கும் நிற்கக் கொடி படர்ந்த மேனியராய்த் தவம் புரியும் பாகுபலி, சிங்கத்தோடும் மக்களோடும் நிற்கும் அம்பிகை இயக்கி ஆகியோரை அங்குக் காணலாம். பல உருவங்களின் கீழ் வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் அவருள் உண்டு. சிவன் கோயிலுக்கும் சமணர் தவநிலத்திற்கும் ஒரே மலை இடம் தந்திருக்க, அதனைக் காணும் கண்ணை நாம் மூடிக்கொள்வது முறையாகுமா?

தெய்வத் திருவுருவம் உள்ள இடத்தில் கற்பூரம் ஏற்றக் கூடாதா என்று அன்பர் சிலர் வினவுவர். பணி முற்றாத இக்கோயிலில் சிவலிங்கம் மூலவராக இல்லை. கருவறையில் உள்ள பிள்ளையார் பிற்காலத்தவர். கற்பூரப் புகை கல்லில் கரியாய்ப் படியும். பூசிய எண்ணெய் புழுதியைப் பிடித்து இறுகும். பின்னர் அதனைத் தேய்த்து நீக்கும்போது, அழுக்கோடு மூக்கின் கூர்மையும் விரலின் நுனியும் தேய்ந்து போகும். பன்னிரண்டு நூற்றாண்டு வெயிலும் மழையும் செய்யாத கேட்டினை நம் பக்தி சில ஆண்டுகளில் செய்துவிடும். கல்லின்மேல் ஆணியாலும் கரியாலும் பெயர் எழுதுவோரைப் பற்றி என்ன சொல்வது! வட்டெழுத்தில் பெயர் பொறித்தவர் ஒரு திருவுருவத்தைச் செய்வித்த பின்னரே தம் பெயரை எழுதினார். இவரோ இருந்த எழுத்தின்மேல் கீறுகிறார். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பது தமிழ்நாடு அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

காலையிலேயே ஏறுவது நன்று. வெயில் ஏறினால் பாறை சுடும். குடிநீர் உடன் கொள்க. சிறுவரைக் கையில் பிடித்து அழைத்துச் செல்க. அகழ்ந்த பாறையின் விளிம்பு செங்குத்தானது. சிற்பங்களைத் தொடாது, சற்று விலகி நின்று காண்க. கொண்டுவந்த கற்பூரமும் எண்ணெயும் அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி சந்நிதிக்கு உரியன. இறங்கிய பின் அங்கே சேர்ப்பிக்கலாம்.