நட்சத்திரப் புத்தகம் கேட்ட பையன்

கண்ணா, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, "இந்த நட்சத்திரமெல்லாம் என்ன?" என்று நீ கேட்டதுண்டா? கேட்டிருந்தால், சபாஷ்! உன்னைப் போலவே கேட்ட ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன், வா.

அவன் பெயர் கார்ல் சேகன். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் 1934-இல் பிறந்தவன். அப்பாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை.

பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தான். "வானத்து விளக்குகள்" என்றார்கள். அது போதுமா அவனுக்கு? நேரே நூலகத்துக்குப் போய், நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் கேட்டான். வந்த புத்தகத்தைத் திறந்தால், உள்ளே எல்லாம் சினிமா நட்சத்திரங்கள்!

சிரிப்பு வருகிறதா? பையன் விடவில்லை. "இது இல்லை" என்று சொல்லி, சரியான புத்தகத்தை வாங்கிப் படித்தான். நம் சூரியனும் ஒரு நட்சத்திரம்தானாம். மற்ற நட்சத்திரங்களும் சூரியன்கள்தானாம். ரொம்ப ரொம்பத் தள்ளி இருக்கின்றனவாம்!

தள்ளி இருந்தால் ஏன் புள்ளியாகத் தெரிய வேண்டும்? உன் பட்டத்தை நினைத்துப் பார். கையில் பிடித்தால் உன் மார்பையே மறைக்கிறது. நூலை விட விட நகத்தளவு ஆகிவிடுகிறது. பட்டமா சுருங்கியது? இல்லை, தூரம் கூடியது. புரிந்ததா? அவ்வளவுதான்.

பையன் வளர்ந்து வானியல் அறிஞர் ஆனார். வெள்ளிக் கோளில் கரியமில வாயு கம்பளி போலப் போர்த்திக்கொண்டு வெப்பத்தை வெளியே விடாது, அதனால் அங்கே கொதிக்கும் என்று கணக்குப் போட்டார். பிறகு விண்கலங்கள் போய்ப் பார்த்தபோது, அங்கே ஈயமே உருகும் சூடு!

தெரிந்ததை அவர் தனக்குள் பூட்டி வைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். 1980-இல் 'காஸ்மோஸ்' என்ற 13 பகுதித் தொலைக்காட்சித் தொடரில், பக்கத்து வீட்டு மாமா போல வானத்தைப் பற்றிப் பேசினார். பத்தாம் பகுதிக்காக எங்கே வந்தார் தெரியுமா? நம் தாராசுரம் கோயிலுக்கு! பிரபஞ்சத்தின் வயதைப் பற்றிச் சொல்ல அங்கே வந்து நின்றார்.

1996-இல் அவர் மறைந்துவிட்டார். ஆனாலும் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமல் உன்னை அனுப்ப மாட்டேன்.

வாயேஜர் 1 என்ற விண்கலம் கோள்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "அதைத் திருப்பி நம் பூமியைப் படம் எடுங்கள்" என்றார் சேகன். சூரியன் பக்கம் திருப்பினால் கேமரா கெட்டுவிடுமே என்று சிலர் பயந்தார்கள். நூலகத்தில் விடாத பையன் இங்கே மட்டும் விடுவாரா? பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தைத் தேடிப் பார். ஓர் ஒளிக்கீற்றின் நடுவே, தூசியை விடச் சிறிதாய் ஒரு வெளிர்நீலப் புள்ளி இருக்கும். நூல் ரொம்ப நீளம் விட்ட பட்டம் அது. உன் அப்பாவும் அம்மாவும் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளாக அந்தப் புள்ளிக்குள் எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.