வுட்ஸ்டாக் மேடையில் செட்டிபாளையத்துக்காரர்… தெரியுமுங்களா?

1969 ஆகஸ்ட் 15. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பெத்தேல் என்றொரு சிற்றூர். அங்கே மேக்ஸ் யாஸ்கர் என்ற பால் பண்ணைக்காரரின் பூமியில் வுட்ஸ்டாக் தொடங்குகிறது. ராக் இசை வரலாற்றிலேயே பேர்போன திருவிழா. நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம்! அத்தனை பேருக்கும் முன்னால் காவி உடுத்தி, நீண்ட தாடியும் சடையுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடக்க உரை ஆற்றியவர் யார் தெரியுமுங்களா? கோயமுத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசாமி கவுண்டர்! உலகம் அறிந்த பெயர், சுவாமி சச்சிதானந்தா.

இப்போது செட்டிபாளையம் என்றால் நம் பையன்களுக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே, கார் ரேஸ், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர் ஒருவர் கிட்டார் புலி ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஏறிய மேடையில் ஹெண்ட்ரிக்ஸுக்கு முன்னாலேயே ஏறியவர் என்று சொன்னால், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். போட்டோவைக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்த கதை இன்னும் விசேஷம். படித்தது விவசாயம். மோட்டார் சைக்கிள் இறக்குமதி செய்யும் கடையில் வேலை பார்த்தார். பேரூர் கோயில் நிர்வாகத்தைக் கவனித்தார். கல்யாணமாகி, மனைவி இறந்துபோன பிறகு துறவு. 1949இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் தீட்சை. பிறகு இலங்கையில் பல வருஷம் ஆசிரமம். 1966இல் கான்ராட் ரூக்ஸ் என்ற சினிமாக்காரரும் பீட்டர் மேக்ஸ் என்ற ஓவியரும் நியூயார்க்குக்கு அழைக்க, இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். வண்ண வண்ணமாகப் போஸ்டர் வரைந்து அந்தக் காலத்து இளசுகளைக் கிறங்கடித்த அதே பீட்டர் மேக்ஸ்தான்.

வுட்ஸ்டாக் அன்றைக்கு என்ன ஆயிற்று? முதலில் பாட வேண்டிய ஸ்வீட்வாட்டர் குழு டிராபிக்கில் மாட்டிக்கொண்டது. கையில் கிட்டாரோடு தயாராக இருந்த ரிச்சி ஹேவன்ஸை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர் பாடிக்கொண்டே இருந்தார், இருந்தார், கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்து கடைசியில் மேடையிலேயே ஒன்றைக் கட்டிப் பாடினார். அவர் இறங்கிய பிறகு நம் சாமி. ஒலியின் சக்தியைப் பற்றிப் பேசினார். அழிக்கவும் ஆகும், ஆக்கவும் ஆகும் என்கிற தோரணையில் சுருக்கமான பேச்சு. பிறகு மொத்தக் கூட்டத்தையும் ‘ஹரி ஓம்’ சொல்ல வைத்தார். அந்த ஊர்க் காலண்டர்படி அன்றைக்கு நம் சுதந்திர தினம் வேறு! அதே ராத்திரி அதே மேடையில் மழைக்கு நடுவே ரவி சங்கர் சிதார் வாசித்தார், தபலாவுக்கு அல்லா ரக்கா. ஹெண்ட்ரிக்ஸ் ஏறியபோது திங்கட்கிழமை விடிந்து, கூட்டத்தில் பாதிக்கு மேல் கிளம்பிப் போயிருந்தது.

சாமியைப் பற்றி ஒரே வரியில் ‘நம்ம ஊர்ப் பெருமை’ என்று முடித்துவிடவும் மனசு வரவில்லை. 1991இல் சீடர்களாக இருந்த பெண்கள் சிலர் அவர்மேல் பாலியல் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். வழக்கு ஏதும் பதிவாகவில்லை. அவரைப் பற்றி எழுதுகிற நம்மவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஆனால் ராக் கேட்கிறவனுக்கு வுட்ஸ்டாக் மட்டுமே கதை இல்லை. 1971இல் வெளியான ‘டேப்பஸ்ட்ரி’ ஆல்பத்தால் உலகையே ஆட்டிவைத்த கரோல் கிங் இவருடைய மாணவி. ஜாஸ் சாக்சபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன், கணவர் இறந்த துக்கத்தில் இருந்தபோது இவரிடம் வந்து சேர்ந்தார். அதே 1971இல் அவர் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரே ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’! ராக் இல்லை, ஜாஸ். தம்புரா இழைந்துகொண்டே இருக்க, அதன்மேல் ஆலிஸின் ஹார்ப் நீர்வீழ்ச்சி மாதிரி இறங்கும், ஃபேரோ சாண்டர்ஸின் சாக்சபோன் எங்கிருந்தோ வந்து சேரும். பின்னாளில் ரேடியோஹெட் ராக் குழு ஆட்கள் தங்களைப் பாதித்தவர்கள் வரிசையில் ஆலிஸைச் சொன்னார்கள். ‘கிட் ஏ’ ஆல்பக் காலத்து ரேடியோஹெட் புரியவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நான் கொடுக்கும் மருந்து இந்த ஆல்பம்தான்.

இருங்க, இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வீசர் குழுவின் பாடகர் ரிவர்ஸ் க்வோமோவைத் தெரியுமா? தொண்ணூறுகளின் ஆல்டர்நேடிவ் ராக்கில் பெரிய தலை. அவர் சின்னப் பிள்ளையாக வளர்ந்தது கனெக்டிகட் மாநிலம் பாம்ஃப்ரெட்டில், இதே சச்சிதானந்தா நிறுவிய ‘யோகாவில்’ ஆசிரமத்தில்! 1980 வாக்கில் ஆசிரமம் வர்ஜீனியாவுக்கு இடம் மாற, க்வோமோ குடும்பம் கனெக்டிகட்டிலேயே தங்கிவிட்டது. தியானம், யோகா, மரக்கறிச் சாப்பாடு என்று வளர்ந்த அந்தப் பையனுக்கு எந்தக் குழுமேல் பைத்தியம் தெரியுமா? முகத்தில் சாயம் பூசி நாக்கை நீட்டிக்கொண்டு மேடையில் நெருப்புக் கக்கும் ‘கிஸ்’!

இன்னும் கேளுங்க. 1994இல் வீசர் வெளியிட்ட ‘பட்டி ஹாலி’ பாட்டின் வீடியோவை ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கினார். அந்த வீடியோவை மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் 95 சிடிக்குள்ளேயே போட்டு அனுப்பியது. தொண்ணூறுகளின் பின்பாதியில் தெருவுக்கு ஒன்றாக முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். டாஸ், வேர்டு, டேலி, மாசம் முந்நூறோ நானூறோ பீஸ், செருப்பை வெளியில் விட்டுவிட்டு ஏசி ரூமுக்குள் போக வேண்டும். சார் அந்தப் பக்கம் போனதும் சிடியைத் திறந்து ‘ஃபன்ஸ்டஃப்’ என்ற ஃபோல்டருக்குள் நுழைந்தால், திரையின் ஓரத்தில் சின்னச் சதுரத்துக்குள் நாலு பேர் கிட்டாரும் டிரம்ஸுமாக ஆடுவார்கள். யார், என்ன பாட்டு என்று ஒருத்தருக்கும் தெரியாது. காரமடையிலும் மேட்டுப்பாளையத்திலும் எத்தனையோ பேர் முதன்முதலாகப் பார்த்த ஆல்டர்நேடிவ் ராக் வீடியோ அதுவாகத்தான் இருக்கும். செட்டிபாளையத்திலிருந்து கனெக்டிகட் போய், அங்கிருந்து பில் கேட்ஸ் கைவழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி கோயமுத்தூர் ஜில்லாவுக்கே வந்திருக்கிறது கதை, பாருங்க! வீசரில் என் ஓட்டு என்னவோ 1996இல் வந்த ‘பிங்கர்டன்’ ஆல்பத்துக்குத்தான். வந்த புதிதில் அதை எல்லாரும் திட்டினார்கள்.

எங்கள் தலைமுறைக்கு ராக் வந்த வழி கேசட். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். டி-90 கேசட்டுக்கு ஒரு பக்கம் 45 நிமிஷம். பிங்க் ஃபிலாய்டின் ‘டார்க் சைடு ஆஃப் த மூன்’ சுமார் 43 நிமிஷம். லெட் செப்லினின் நாலாவது ஆல்பமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பாட்டு பாதியில் அறுபடாது! கடைக்காரர் மீதி இடத்தைச் சும்மா விடாமல் ஏதாவது டிஸ்கோ துணுக்கை ஒட்டிக் கொடுப்பார், அது தனிக் கொடுமை. வீட்டில் செப்லின் பாடகர் ராபர்ட் பிளான்ட் உச்சஸ்தாயியில் ஏறும்போது அமுச்சி வந்து எட்டிப் பார்க்கும். “ஏஞ்சாமி, இவனுக்கு வவுத்து வலியா?” அதே அமுச்சி இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் உறுமினால் ஒன்றும் சொல்லாது. ராஜா எங்கள் காதைப் பழக்கி வைத்திருந்ததால்தான் செப்லினின் பேஸ் கிட்டார்காரர் ஜான் பால் ஜோன்ஸ் எங்களுக்கு அந்நியமாகப் படவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, மெட்ராஸுக்கு வருவோம். பீட்டில்ஸோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட மெட்ராஸ்காரர்கள் இருவர், தெரியுமா? முதலாமவர் பீட் பெஸ்ட், 1941 நவம்பர் 24இல் மெட்ராஸில் பிறந்தவர். ரிங்கோ ஸ்டாருக்கு முன்னால் பீட்டில்ஸின் டிரம்மர். அவர் அம்மா மோனா டெல்லியில் பிறந்தவர். லிவர்பூலில் மோனாவின் வீட்டு நிலவறையில் நடந்த காஸ்பா காபி கிளப்தான் பையன்கள் வாசித்துப் பழகிய இடங்களில் ஒன்று. அந்த வீடு வாங்கக் காசு எப்படி வந்தது? நகையை அடகு வைத்து 1954 டெர்பி பந்தயத்தில் ‘நெவர் சே டை’ என்ற குதிரைமேல் கட்டினார், 33-க்கு 1 விலையில் அது ஜெயித்தது! அப்படிப்பட்ட அம்மாவின் பிள்ளையைத்தான் 1962 ஆகஸ்டில், புகழ் கதவைத் தட்டும் நேரத்தில், குழுவிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

இரண்டாமவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936இல் மெட்ராஸில் பிறந்த ஆர்னால்டு ஜார்ஜ் டார்சிதான் இவர். 1967இல் இவருடைய ‘ரிலீஸ் மி’ பிரிட்டனில் முதலிடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொள்ள, பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ இரண்டும் சேர்ந்த தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது. ராக் ரசிகனாக எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. பீட் பெஸ்ட்டை நினைத்தால் மட்டும் கொஞ்சம் ருசிக்கிறது.

இன்னொன்று தெரியுமா? கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்குத்தான் உலக இசைப் பிரிவில் முதல் கிராமி விருது போனது. அதில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். அவரும் வயலின் எல்.சங்கரும் எழுபதுகளிலேயே கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் இருந்தார்கள். எல்.சங்கரின் 1979 ஆல்பத்தைத் தயாரித்தவர் யாரென்றால் ஃபிராங்க் ஸாப்பா! விக்கு மகன் செல்வகணேஷ் வாசித்த பிற்காலச் சக்திக்கு 2024இல் கிராமி கிடைத்தது.

ஏ.ஆர்.ரஹ்மான் திலீப்பாக இருந்த காலத்தில் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவரே 2011இல் ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகரோடு ‘சூப்பர்ஹெவி’ குழுவாக ஆல்பம் வெளியிட்டார். பெயர் பெத்த பெயர், ஆல்பம் சுமார். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

எம்.ஐ.ஏ. என்ற பாடகியின் கதை அப்படி இல்லை. இவர் ஈழத் தமிழ்க் குடும்பத்து மாதங்கி அருட்பிரகாசம். 2007இல் ‘கலா’ என்று தன் அம்மா பெயரில் ஒரு ஆல்பம் போட்டார். அதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடித்தளம் த கிளாஷ் குழுவின் 1982ஆம் வருஷத்து ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. அமெரிக்காவில் நாலாம் இடம் வரை ஏறியது. அதே ஆல்பத்தில் ‘பாய்ஸ்’ பாட்டைப் போட்டுப் பாருங்கள். பின்னால் முழங்குவது, சென்னையில் பதிவு செய்த உறுமி! நம் மாரியம்மன் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது அடிக்கிற அதே உறுமி. இங்கே அதைக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, லண்டன் கிளப்பில் எழுந்து ஆடியிருக்கிறார்கள்.

ராணிப்பேட்டைக்காரர் பிரசன்னாவையும் விட முடியாது. ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டும் படிப்பு, கையில் எலெக்ட்ரிக் கிட்டார், வாசிப்பது கர்நாடக சங்கீதம். ஹெண்ட்ரிக்ஸின் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ ஆல்பத்துக்கு மரியாதையாக 2006இல் இவர் போட்டது ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’. கமகம் கம்பியில் வளைகிற வளைப்பைக் கேட்டபின், கிட்டார் மேற்கத்திய வாத்தியம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வராது.

கிட்டார் என்றதும் கடைசியாக ஒன்று. இது மலையடிவாரத்துக்காரன் சொன்னால்தான் பொருந்தும். 1833 முதல் கிட்டார் செய்துவரும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, உசத்தியான கிட்டார்களின் முதுகுக்கும் பக்கப் பலகைக்கும் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. பிரேசில் தன் மரத்தை முழுத் தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்த, 1969 வாக்கில் மார்ட்டின் வேறு மரத்துக்கு மாறியது. எந்த மரம் தெரியுமுங்களா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி! தோதகத்தி என்றும் சொல்வார்கள். நம்மூர் வனக்கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் ‘டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா’ என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். எரிக் கிளாப்டன் பெயரில் மார்ட்டின் செய்கிற 000-28இசி மாடலின் முதுகும் இந்திய ஈட்டிதான். மார்ட்டின் ஈட்டிக்கு மாறிய அதே காலத்தில்தான் செட்டிபாளையத்துச் சாமி வுட்ஸ்டாக் மேடை ஏறியதும்!

கூடலூர்ப் பக்கம் ஈட்டியின் அருமை எல்லாருக்கும் தெரியும், வெட்டத்தான் முடியாமல் இருந்தது. பட்டா நிலத்தில் நின்றாலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் காவல் நின்றது. 2017இல் உலக அளவில் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் வணிகக் கட்டுப்பாடு வர, கிட்டாரை நாடு விட்டு நாடு விற்கவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல்தான் விலக்குக் கொடுத்தார்கள்.

பிள்ளைக்குக் கிட்டார் வாங்கக் கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் போனால், கடைக்காரர் “ரோஸ்வுட்டுங்க” என்பார். விலை குறைந்ததில் அது பிளைவுட்டின்மேல் ஒட்டிய மெல்லிய தோலாகத்தான் இருக்கும். ஒலித்துளை வழியாக உள்பக்கம் பாருங்கள். முதுகுப் பலகையின் வெளியில் தெரிகிற கோடுகள் உள்ளேயும் அதே இடத்தில் ஓடினால் முழுப் பலகை, ஓடாவிட்டால் ஒட்டு. ஒட்டுக்கு ஈட்டி விலை கொடுத்துவிடாதீங்க.