வண்டியை உட்கார வைக்கிறேன் பேர்வழி!

உலகத்தில் எல்லோரும் உயரத்தான் ஆசைப்படுகிறார்கள். கார் வாங்கிய இளைஞன் ஒருவன்தான் தாழ ஆசைப்படுகிறான். அதற்குக் கைக்காசைச் செலவழிக்கவும் தயாராக இருக்கிறான்!

'லோயரிங்' என்று பெயர். சக்கரத்துக்கும் அதன் மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கிறதல்லவா? அது இருந்தால் கார் லுங்கியை மடித்துக் கட்டின மாதிரி இருக்கிறதாம். இரண்டு விரலாக்கிவிட்டால் பட்டு வேட்டியைத் தழையத் தழையக் கட்டின களை வந்துவிடுமாம். சொன்னவன் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் தம்பி. வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். வேலை இருங்காட்டுக்கோட்டை. வண்டி 2018 மாடல் ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்ட். தினமும் பெங்களூர் ஹைவேயில் போக வர எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது.

"அண்ணா, தீபாவளி போனஸ் அப்படியே இருக்கு. எந்த ஸ்பிரிங், எந்த ஷாக்குன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஆபீஸில் எனக்குக் 'கார் தெரிந்தவர்' என்று ஒரு பெயர் உண்டு. (பழைய மாருதி 800-ஐ இருபது வருஷம் கட்டி மேய்த்தால் யாருக்கும் கார் தெரிந்துவிடும்.)

தம்பிக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரேஸ் டிராக். சோழவரம் பழைய விமான தளத்தில் பறந்துகொண்டிருந்தவர்களுக்கு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த வீடு கிடைத்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் அத்தனை காரும் தரையை மோந்துகொண்டு போகும். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த 3.7 கிலோமீட்டரில் வேகத்தடை கிடையாது, மாடு கிடையாது, பின் ஸீட்டில் மாமியார் கிடையாது.

தாழ்த்துவதால் லாபம் என்ன? வளைவில் திரும்பும்போது பாரம் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்குத் தாவுகிறது. எவ்வளவு தாவும் என்பது வண்டியின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சின்னக் காரில் அது ஏறக்குறைய 55 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தினால், கணக்குப் போட்டுப் பாருங்கள், லாபம் ஐந்து சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே. ரேஸில் அது தங்கம். வாலாஜாபாத் ரோட்டில் அதை உணர்ந்து சொல்பவருக்கு நான் கோயில் இட்லி வாங்கித் தருகிறேன்.

அடுத்தது, எப்படித் தாழ்த்துவது? ஓசி வழி ஒன்று உண்டு. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிவது. தம்பியிடம் ஒரு ஷெட்டில், "அரை நாள் வேலை சார், சாயங்காலம் எடுத்துக்குங்க" என்றே சொல்லிவிட்டார்களாம். இன்னும் சில இடத்தில் கேஸ் வெல்டிங் ஜ்வாலையைக் காட்டுவார்கள். ஸ்பிரிங் 'உச்' என்று உட்கார்ந்துவிடும். அந்தக் கம்பிக்கு உயிரே, தொழிற்சாலையில் பதம் பார்த்துச் சூடாக்கி ஆற வைத்ததுதான். மறுபடி சூடு காட்டினால் பதம் போயிற்று. அதற்குப் பிறகு அது வெறும் சுருட்டிய கம்பி. எந்தக் குழியில் உடையும் என்பதுதான் பாக்கி.

வெட்டுவதில் வேறு சங்கடம். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். ஆறு சுற்று வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் ஐந்து ஆக்கினால் இருபது சதவிகித விறைப்பு. கம்பியின் தடிமனில் விளையாடினால் இன்னும் மோசம்; விறைப்பு தடிமனின் நாலாவது அடுக்கில் ஏறும். பத்து சதவிகிதம் தடித்த கம்பி என்றால் நாற்பத்தாறு சதவிகிதம் விறைப்பு! ஆகவே 'கொஞ்சம் ஹெவியா இருக்கட்டும் சார்' என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளின் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. குட்டையாக்கின ஸ்பிரிங், வண்டியை ஜாக்கியில் தூக்கினாலோ பள்ளத்தில் சக்கரம் தொங்கினாலோ, இருக்கையை விட்டு நகர்ந்துவிடும். திரும்பி உட்காரும்போது அதே இடத்தில் உட்காரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது ஷாக் அப்சார்பர். 'ஷாக்கை உறிஞ்சுவது' என்று பெயரே தப்பர்த்தம் கொடுக்கிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். ஆனால் ஸ்பிரிங் ஊஞ்சல் ஜாதி. ஒரு தடவை தள்ளிவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். காலைத் தரையில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தும் பாட்டி இருக்கிறாளே, அவள்தான் ஷாக். குழாய்க்குள் எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துவாரம். எண்ணெய் சிரமப்பட்டு நுழைகிற நேரத்தில் ஆட்டம் அடங்குகிறது. ஸ்பிரிங் விறைத்தால் அதற்குத் தகுந்தபடி பாட்டியின் காலிலும் பலம் வேண்டும். விறைப்பு முப்பது சதவிகிதம் ஏறினால் ஷாக்கின் பிடி ஒரு பதினாலு சதவிகிதமாவது ஏற வேண்டும். பழைய ஷாக்கோடு புது லோயரிங் ஸ்பிரிங்கைப் பூட்டுவது, கிழவியை ராட்டினத்தை நிறுத்தச் சொல்வது மாதிரி.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. தம்பியின் அப்பா நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். கோர்வைப் புடவையில் உடல் வேறு, கரை வேறு. இரண்டும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டால்தான் புடவை. உடலை ஒருத்தர் தறியிலும் கரையை இன்னொருத்தர் தறியிலும் நெய்து பிறகு ஒட்டவைக்க முடியுமா? ஸ்பிரிங்கும் ஷாக்கும் அப்படித்தான். ஜெர்மனியில் ஐபாக் கம்பெனி போடுகிற தெரு உபயோக ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்குத் தோதாக, அதே நாட்டு பில்ஸ்டைன் கம்பெனி 'பி8' என்று நீளம் குறைத்த ஷாக்கைத் தனியாகவே விற்கிறது. ஸ்பிரிங் குட்டையானால் ஷாக்கும் குட்டையாக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் பாதி வழி இறங்கின நிலையிலேயே குடித்தனம் நடத்தும்; ஒவ்வொரு குழிக்கும் அடியில் இருக்கிற ரப்பர் 'பம்ப் ஸ்டாப்'பில் போய் டொம்மென்று இடிக்கும்.

"செட்டாவே வாங்கிடறேன்ணா" என்றான் தம்பி. விலை விசாரித்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், கம்பெனி ஒரிஜினல் ஷாக் நாலும் சேர்ந்து ஒரு சுமாரான பட்டுப் புடவை. இறக்குமதி செட் என்றால் ஜரிகை போட்ட முகூர்த்தப் புடவை. சமயத்தில் நாத்தனாருக்கும் சேர்த்து.

இருந்தாலும் விடவில்லை. சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலிருந்து ஹைவே வரைக்கும் நூலும் ஸ்கேலுமாகக் கிளம்பினோம். (இரண்டு பேர் நடுரோட்டில் குனிந்து வேகத்தடையை அளந்தால் கூட்டம் சேருகிறது. ஒருத்தர் எங்களை முனிசிபாலிடி என்று நினைத்துக் குடிநீர்க் குழாய் பற்றிப் புகார் கொடுத்தார்.)

இந்த இடத்தில் ஒரு சுவாரசியம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-ல் வேகத்தடைக்கு ஓர் இலக்கணம் எழுதியிருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். பத்து சென்டிமீட்டரா என்று பயப்பட வேண்டாம். ஸ்விஃப்ட்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர். அந்த அகலமான மேட்டின் மேலே கார் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே ஏறியிருக்கும். வயிற்றுக்கு நேராக மேடு துருத்துவது வெறும் 4.4 சென்டிமீட்டர். தாழ்த்தின காரும் தாண்டிவிடும்.

ஆனால் நம் தெருக்களில் இருப்பவை இலக்கணம் படித்தவையா? அரை மீட்டர் அகலம், அம்மிக்கல்லைக் குறுக்கே போட்ட மாதிரி. முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாமல் இருக்கையில் மேடு முழு உயரத்தோடு வயிற்றுக்கு நேரே நிற்கிறது. நாங்கள் அளந்ததில் இரண்டு, பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டின. ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், காலி வண்டியில், 163 மில்லிமீட்டர். தாழ்த்துவதில் 30 போயிற்று. வீட்டோடு ஏறி டிக்கியில் புடவை மூட்டையும் வைத்தால் இன்னொரு 30 போகும். பாக்கி 103. பன்னிரண்டு சென்டிமீட்டர் மேட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வயிறு!

தம்பி ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அப்பாவை மாசம் ரெண்டு தடவை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்ணா... முதுகு. டாக்டர் குலுங்கவே கூடாதுங்கறாரு" என்றான்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நூல் மிச்சம்! மனிதனுக்குப் பிடித்த ஆட்டம், செகண்டுக்கு ஒன்று, ஒன்றேகால் தடவை. கார் ஸ்பிரிங்குகளை அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். செகண்டுக்கு நாலிலிருந்து எட்டு வரையிலான குலுக்கல்தான் உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டுக்குச் சத்ரு. ஸ்பிரிங் விறைக்க விறைக்க, பம்ப் ஸ்டாப்பில் இடிக்க இடிக்க, அந்தப் பக்கம் நகருகிறோம். ஸ்பிரிங்கே இல்லாத வாகனம் எங்கள் ஊரில் ஒன்று இருக்கிறது. தேர்! அதில் போகிறவருக்கு முதுகுவலி வராது.

போதாக்குறைக்குச் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனியின் விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம். டிராக்கில் மட்டும் ஓட்ட ஒரு பழைய வண்டி வைத்திருப்பவர் இஷ்டப்படி வெட்டட்டும், குட்டையாக்கட்டும். தினம் ஆபீஸ் போகிற வண்டி வேறு ஜாதி.

போனஸ் என்ன ஆயிற்று? நாலு ஷாக்கையும் கம்பெனி ஒரிஜினலாக மாற்றினோம். பழையதில் முன் இடதில் எண்ணெய் கசிந்து காய்ந்து போயிருந்தது. பானெட் மூலையை அழுத்தி விட்டால் மூன்று தடவை ஆடிற்று. ஒருமுறை எழும்பி அடங்கினால்தான் ஷாக் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஷாக்கை ஒன்றாக வாங்காதீர்கள், ஜோடியாக வாங்குங்கள். மேலே ஸ்ட்ரட் மவுன்ட், பம்ப் ஸ்டாப், புஷ் எல்லாம் அதே சமயத்தில் மாற்றிவிடுங்கள். இன்னொரு தடவை பிரிப்பதற்கு லேபர் சார்ஜ் தண்டம். ஸ்பிரிங் பழையதே; விரிசலில்லை, துருவில்லை, உயரம் இரண்டு பக்கமும் சமம். மிச்சப் பணத்துக்கு நல்ல டயர் நாலு. ரோட்டைப் பிடிப்பது கடைசியில் டயர்தானே!

வீல் அலைன்மென்ட் முடித்து, அளவு அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அப்பாவை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை ஓட்டிப் பார்த்தான். "முன்ன தூக்கித் தூக்கிப் போட்டது. இப்ப இல்ல" என்றாராம், அவ்வளவுதான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் ரம்பம் மாதிரி தட்டுப்பட்டால், தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அலைன்மென்ட் கடைக்கு.