டெலஸ்கோப்புக்குக் கலர் ஃபில்டர்: வாங்கும் முன் கம்ப்யூட்டரில் பாருங்கள்

கடலூர் சில்வர் பீச்சில் பௌர்ணமியன்று டெலஸ்கோப்பை நிலாவின் பக்கம் திருப்பினால் முதலில் கண் கூசும். உடனே "ஒரு செட் கலர் ஃபில்டர் வாங்கிக் கொள்ளுங்கள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஐபீஸின் அடியில் திருகி மாட்டும் வண்ணக் கண்ணாடிகள்தான் இவை. பணம் கொடுக்கும் முன் உங்கள் புதுக் கம்ப்யூட்டரிலேயே இவற்றைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

ஃபில்டர் எதையும் புதிதாகக் காட்டாது. சில நிறங்களைத் தடுக்கும், அவ்வளவுதான். கிம்ப் என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்யுங்கள். நாசா தளத்திலிருந்து வியாழனின் கலர் படம் ஒன்றை டவுன்லோட் செய்து, கிம்ப்பில் திறந்து கொள்ளுங்கள். கலர்ஸ் மெனுவில் கம்பொனன்ட்ஸ், அதற்குள் டீகம்போஸ் என்பதை க்ளிக் செய்து ஆர்ஜிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே கறுப்பு வெள்ளை லேயர்களாகப் பிரிந்து வரும். வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளி, சிவப்பு லேயரில் சுற்றுப்புறத்தோடு கலந்து மங்கியிருக்கும். நீல லேயரில் கறுத்துப் பளிச்சென்று தெரியும். வியாழனுக்கு 80ஏ என்ற நீல ஃபில்டரைச் சொல்வது இதனால்தான்.

செவ்வாய்க்கு இதற்கு நேர் எதிர். சிதம்பரத்துக்குத் தெற்கே வைத்தீஸ்வரன் கோயிலில் அங்காரகனுக்குச் சிவப்பு வஸ்திரம். டெலஸ்கோப்பிலும் அவருக்குச் சிவப்புதான்! செந்நிலம் வெளுத்து, கரும்பகுதிகள் எடுப்பாகத் தெரியும். ஆனால் 25-ம் எண் சிவப்பு ஃபில்டர் ஏழில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். 60 மி.மீ. டெலஸ்கோப்பில் படம் இருண்டுவிடும். பாதி ஒளியை விடும் 21-ம் எண் ஆரஞ்சு போதும். அதுவும் 26 மாதங்களுக்கு ஒருமுறை செவ்வாய் நெருங்கி வரும்போதுதான் பலன். 2003 ஆகஸ்ட் 27-ல் 5.58 கோடி கி.மீ. தூரத்துக்கு வந்தது போல எப்போதும் வராது.

இப்போது நிலாவின் படத்தையும் இதேபோல் பிரித்துப் பாருங்கள். மூன்று லேயர்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். நிலா ஏறக்குறைய சாம்பல் நிறம்தானே! எனவே கலர் ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, புதிதாக எதையும் எடுத்துக் காட்டாது. கூச்சத்துக்குச் சாம்பல் நிற 'மூன் ஃபில்டர்' ஒன்று போதும். பௌர்ணமியை விட்டு அஷ்டமியையொட்டிப் பார்த்தால் அதுகூட வேண்டாம். பள்ளங்களின் நிழல் நீண்டு நன்றாகத் தெரியும். கடலிலிருந்து எழும்பியவுடன் பார்க்காதீர்கள். தாழ்வான காற்றில் படம் தளும்பும். அதை எந்த ஃபில்டரும் சரிசெய்யாது.

ஒரு எச்சரிக்கை. மலிவான செட்டில் 'சன்' என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி இருந்தால் தூக்கி எறியுங்கள். குவியும் வெயிலின் சூட்டில் அது வெடித்தால் பார்வை போய்விடும். சூரியனுக்கான ஃபில்டரை டெலஸ்கோப்பின் முன்வாயில்தான் மாட்ட வேண்டும்.

எந்தக் கிரகம் எப்போது எங்கே இருக்கிறது என்பதை அறிய ஸ்டெல்லேரியம் உதவும். இதுவும் இலவசம். எஃப்6 அழுத்தி ஊரைக் கொடுங்கள். சிதம்பரம் என்றால் வடக்கு 11.4, கிழக்கு 79.7. மொட்டை மாடிக்கு லேப்டாப்பைக் கொண்டு போனால் கன்ட்ரோலுடன் என் அழுத்துங்கள். ஸ்டெல்லேரியம் காட்டும் வானம் சிவப்பாகிவிடும். இருட்டுக்குப் பழகிய கண் கெடாது.