கரிசல் வானில் படைத்தோனின் அத்தாட்சிகள்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையில், இஷாத் தொழுகைக்குப் பின் சற்று நேரம் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். பார்வையை மறிக்கும் பெருமலையோ, அடர்ந்த தோப்போ அங்கு இல்லை. கரிய மண் முடியும் இடத்திலேயே வானம் தொடங்கிவிடுகின்றது. பருத்திச் செடியின் தலைக்கு மேலேயே விண்மீன் நிற்கின்றது. ஊரின் விளக்கொளி எட்டாத காட்டுக்குள் நான்கு எட்டு வைத்தால் போதும். கோடிக்கணக்கில் செலவிட்டாலும் கிடைக்காத ஒரு காட்சியை வல்ல இறைவன் இலவசமாக விரித்து வைத்திருக்கின்றான். ஜவ்வாது மலையில் காவலூரில், 1986 ஆம் ஆண்டு முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகின்றது. நகரங்களின் வெளிச்சத்திற்கு அப்பால் இருள் உள்ள இடமாகத் தேடித்தான் அறிஞர்கள் அங்கு சென்றனர். அத்தகைய இருள் நம் மானாவாரிச் சீமையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றது.

வானங்கள், பூமி ஆகியவற்றின் படைப்பிலும், இரவு பகல் மாறி வருவதிலும் அறிவுடையோருக்கு அத்தாட்சிகள் உள்ளன என்ற கருத்தைத் திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. சிறுவராயிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினார்கள். இரவின் பிற்பகுதியில் கண் விழித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வானத்தை நோக்கி இந்த வசனங்களை ஓதியதைத் தாம் கண்டதாக அவர்கள் அறிவித்துள்ளார்கள். உறங்கி எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்ப்பது அண்ணலாரின் வழக்கம் என்பதை நாம் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

கார்த்திகை மாதத்து முன்னிரவில் கிழக்கே ஒரு சிறு கொத்தாக மின்னுவதைக் கரிசல் மக்கள் ஆறாமீன் என்பர். அரபியில் அதன் பெயர் 'சுரையா'. நம் இல்லங்களில் பெண் மக்களுக்குச் சூட்டும் பெயர்தான். ஆனால் பெயரைச் சூட்டிய தந்தையரில் பலர் அந்த விண்மீன் கூட்டத்தை மகளுக்குக் காட்டியதில்லை! அதற்குச் சற்றுக் கீழே செம்மை படர்ந்து நிற்பது ரோகிணி. அரபியர் அதனை 'அத்தபரான்', அதாவது பின்தொடர்வது என்றனர். சுரையாவை அது இரவு முழுதும் தொடர்ந்து செல்வதைக் கண்டு வைத்த பெயர் அது. இன்று உலகத்து வானநூலார் அனைவரும் அல்டெபரான் என்றே வழங்குகின்றனர். கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் பாரசீக நாட்டு அறிஞர் விண்மீன்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆந்திரமேதை மண்டலத்தில் மேகத்துணுக்குப் போன்ற ஒன்று தெரிவதைத் தொலைநோக்கி இல்லாமலேயே அதில் குறித்து வைத்தார். அது நம்மிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மற்றொரு விண்மீன் பேரமைப்பு என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

ஆறாமீனின் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 440 ஆண்டுகள் ஆகின்றன. எட்டயபுரத்தில் அடங்கியுள்ள உமறுப் புலவர், நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியது பதினேழாம் நூற்றாண்டில். அப்படியாயின் நாம் இன்றிரவு காணும் அந்த ஒளி, புலவர் பிறப்பதற்கு முன்னரே புறப்பட்டு வந்துகொண்டிருந்த ஒளியன்றோ! சந்திரன் பிளந்த அற்புதத்தை அவர் பாடியதும் இதே கரிசல் வானின் நிலவைக் கண்டு வளர்ந்த கண்களோடுதான்.

இவற்றையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை பயானில் விரித்துரைத்தேன். அது 2016 ஆம் ஆண்டின் கார்த்திகை. கோவில்பட்டியை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசல். பேச்சு நன்றாக அமைந்துவிட்டது என்னும் எண்ணம் எனக்கு இருந்தது, மறைப்பானேன்? அன்றிரவு, நெடுநாள் பழக்கமுள்ள சம்சாரி ஒருவரின் புஞ்சைக்குச் சென்றிருந்தேன். அவர் நம் சமயத்தவர் அல்லர். மழையை நம்பிப் புழுதியில் விதைத்திருந்த உளுந்து, முளைத்த நிலையிலேயே காய்ந்து கிடந்தது. அவருக்கும் ஆறாமீனைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளியெல்லாம் நல்லாத்தான் தெரியுது, பாய். தெரியக்கூடாத மாசத்துல தெரியுதே, அதான் பயமா இருக்கு" என்றார்.

எனக்கு நா எழவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கரிசலுக்கு மேகம் மூடியிருக்க வேண்டிய மாதங்கள். வடகிழக்குப் பருவமழைதான் இம்மண்ணுக்கு உயிர். நான் எந்தத் தெளிந்த வானத்தைப் பகலில் புகழ்ந்தேனோ, அதே தெளிவு அவருடைய வீட்டில் அடுப்பெரியாமைக்கு அடையாளம். அவ்வாண்டு தமிழகத்தில் அப்பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன.

அன்று வீடு திரும்பும்போது, மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. பலமுறை பாடம் சொல்லியும் இருக்கின்றேன். ஆனால் அன்றுதான் அது விளங்கிற்று. மதீனாவில் அண்ணலார் ஜும்ஆக் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்து, கால்நடைகள் மடிகின்றன, மழைக்காக இறைஞ்சுங்கள் என முறையிட்டார். அப்போது வானம் கண்ணாடி போன்றிருந்தது, ஒரு மேகத்துண்டும் இல்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் கூறுகின்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், இந்த வானத்தின் அழகைப் பார் என்று அம்மனிதரிடம் சொல்லவில்லை. குத்பாவின் இடையிலேயே இரு கைகளையும் உயர்த்தினார்கள். ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போன்றதொரு மேகம் எழுந்து பரவியது. ஒரு வாரம் சூரியனைக் காணவில்லை. அடுத்த ஜும்ஆவில் மீண்டும் ஒருவர் வந்து, வீடுகள் இடிகின்றன, மழை நிற்கட்டும் என்றார். எங்கள் மீதன்று, எங்களைச் சுற்றிலும் பொழியட்டும் என்று அண்ணலார் வேண்டினார்கள்.

அந்த இரண்டாம் வேண்டுதலின் பொருளையும் நம் மாவட்டம் அறிந்துகொண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கரிசல் காடுகளும் நீரில் மூழ்கின. ஏழாண்டுகளுக்கு முன் வெள்ளி தெரிகின்றதே என்று அஞ்சிய அச்சம்சாரி, அந்த டிசம்பரில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "பாய், இன்னைக்கு ராத்திரி வெள்ளி தெரியுமா?" என்று கேட்டார்.

இப்போதும் தஹஜ்ஜுதுக்கு எழுந்தால் முதலில் மாடிக்குச் செல்கின்றேன். ஆறாமீன் தெரிந்தால் ஆலு இம்ரானின் அவ்வசனங்களை ஓதுகின்றேன். ஐப்பசி, கார்த்திகையாயின் ஓதி முடித்த பின் கையேந்தி மழையையும் கேட்கின்றேன். அவருடைய புஞ்சை இருக்கும் தென்கிழக்குத் திக்கைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குகின்றேன்.